கலைப் பட்டமும் கேஸ் கட்டும்: சென்னை மாகாணத்தில் சட்டத்துக்கு முந்திய படிப்பு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் நாள் நிறுவப்பட்டபோது கலை, சட்டம், மருத்துவம், பொறியியல் ஆகிய நான்கு துறைகளிலும் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. ஆனால் சட்டப் பட்டம் கலைப் பட்டத்தின் பக்கத்தில் வைக்கப்படாமல் அதன் மேற்படியாக வைக்கப்பட்டு, முதலில் பி.ஏ., பிறகு பி.எல். என்னும் வரிசை நிலைபெற்று, நூறாண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. அதே காலத்தில் இங்கிலாந்தில் பாரிஸ்டராக விரும்பியவர் எந்தப் பட்டமும் பெற்றிருக்க வேண்டியதில்லை. லண்டனில் 'இன்' எனப்படும் வழக்குரைஞர் சங்கங்களுள் ஒன்றில் சேர்ந்து, குறித்த பருவங்களில் அங்கு நடக்கும் விருந்துகளில் கலந்துகொண்டு வந்தால் போதும் என்ற நிலையே நெடுங்காலம் இருந்தது. அங்குத் தேர்வு கட்டாயமானது 1872இல்தான். தன் நாட்டு வக்கீலிடம் கேட்காத கல்வியை ஆங்கில அரசு தன் ஆளுகைக்கு உட்பட்ட நாட்டின் வக்கீலிடம் கேட்டது என்பது இந்த வரலாற்றில் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி. நம்பிக்கைக் குறைவால் போடப்பட்ட நிபந்தனை அது என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் அதன் விளைவு நிபந்தனை விதித்தவர் எண்ணியதைத் தாண்டிச் சென்றது.

பல்கலைக்கழகத்துக்கு முற்பட்ட காலத்தில் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழி வேறாக இருந்தது. கும்பெனி ஆட்சியில் ஜில்லா நீதிமன்றங்களும், அவற்றுக்கு மேல் சதர் அதாலத் என்னும் மேல்முறையீட்டு மன்றமும் இயங்கின. அவற்றில் வாதாட விரும்பியவர் சனது, அதாவது வாதாடும் உரிமை அளிக்கும் எழுத்தாணை, பெற வேண்டியிருந்தது. 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் தோன்றிய சென்னைக் கோட்டைக் கல்லூரி, ஆங்கில அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்ததோடு, நீதிமன்றங்களுக்கு வேண்டிய இந்நாட்டுச் சட்ட அலுவலரையும் வக்கீல்களையும் பயிற்றும் வேலையையும் மேற்கொண்டது. இலக்கணப் புலவர்களும் தர்மசாத்திரம் அறிந்த பண்டிதர்களும் ஒரே கட்டடத்தில் பாடம் சொன்னார்கள். அங்குத் தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியார் பிற்பாடு விசாகப்பட்டினத்தில் நீதித்துறைப் பணி ஏற்றுச் சென்றார். மொழிக் கல்வியும் சட்டக் கல்வியும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

பட்டம் இல்லாமலே உயர்ந்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து தொழில் கற்று, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். முன்சீப் என்பவர் உரிமையியல் வழக்குகளை முதலில் விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி. 1805 முதல் 1861 வரை சதர் அதாலத் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்து அவர் தமிழில் தந்த 'சித்தாந்த சங்கிரகம்', சட்டம் ஆங்கிலம் அறிந்தவரின் தனிச்சொத்தாகிவிடக் கூடாது என்ற எண்ணத்தின் பயன். தஞ்சை ஜில்லாவின் ஏழைக் குடும்பம் ஒன்றில் 1832இல் பிறந்த முத்துசாமி ஐயர், கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் வாழ்வைத் தொடங்கி, தாசில்தார் ஒருவரின் ஆதரவால் சென்னையில் படித்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தார். இப்படிப்பட்ட ஏற்றங்கள் தலைமுறைக்கு ஒன்றிரண்டே நிகழ்ந்தன. அவற்றை வழியாகக் கொள்ள முடியாது. வழி என ஒன்று உருவானது கல்லூரிகளால்தான்.

மாநிலக் கல்லூரியில் 1850களில் ஜான் புரூஸ் நார்ட்டன் நடத்திய சட்ட வகுப்பு அதன் தொடக்கம். 1862இல் சதர் அதாலத்தும், சென்னை நகருக்கென இருந்த அரசரின் சுப்ரீம் கோர்ட்டும் ஒன்றாக்கப்பட்டு உயர்நீதிமன்றம் எழுந்தது. அதன் முதனிலை வழக்குகளில், அதாவது நகர எல்லைக்குள் தோன்றி நேரே உயர்நீதிமன்றத்திலேயே தொடங்கும் வழக்குகளில், பாரிஸ்டர்களோடு வக்கீல்களும் வாதாடலாம் என்ற உரிமை சென்னையில் விரைவிலேயே வழங்கப்பட்டது; கல்கத்தாவிலும் பம்பாயிலும் உள்ளூர் வக்கீல்களுக்கு அந்தக் கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது. லண்டன் செல்லப் பணமில்லாத கும்பகோணத்து இளைஞன், உள்ளூரில் கலைப் பட்டமும் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்றுப் பாரிஸ்டருக்கு எதிரே நின்று வாதாடலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டது. பி.ஏ., பி.எல். என்னும் எழுத்துகளுக்குத் தமிழ்நாட்டில் ஏறிய மதிப்பின் வேர் இந்த உரிமையில் உள்ளது.

கலைப் படிப்பு சட்டத் தொழிலுக்கு உண்மையில் பயன்பட்டதா, அல்லது கூட்டத்தைக் குறைக்கும் சல்லடையாக மட்டும் இருந்ததா என்ற கேள்விக்கு விடை 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் கிடைக்கிறது. அதுவரை இந்து, இஸ்லாமியச் சட்டக் கேள்விகள் எழும்போது நீதிபதி, மன்றத்தோடு இணைந்த பண்டிதரையும் காஜியையும் கேட்டு முடிவு சொல்வது வழக்கம். அப்பதவிகள் 1864இல் நீக்கப்பட்டன. அன்றிலிருந்து, தர்மசாத்திர நூல்களுள் மிதாக்ஷரம் என்ன சொல்கிறது, ஸ்மிருதிசந்திரிகை அதிலிருந்து எங்கே விலகுகிறது, இவற்றுள் தென்னாட்டில் செல்லுபடியாவது எது என்று ஆராய்ந்து சொல்ல வேண்டிய சுமை வக்கீலின் தோளிலும் நீதிபதியின் தோளிலும் இறங்கியது. நூலையும் உரையையும் பிரித்தறிவது, உரைகளுள் முந்தியது எது, வலியது எது என்று காண்பது, ஏட்டில் உள்ளதற்கும் ஊரில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை அளப்பது ஆகிய திறன்களைச் சட்டப் புத்தகம் கற்பிக்காது. மொழியும் வரலாறும் தருக்கமும் படித்தவருக்கே அவை கைவரும்.

இராமநாதபுரம் ஜமீன் வழக்கை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். சேதுபதி மரபில் கணவரை இழந்த இராணி பர்வதவர்த்தினி நாச்சியார், மகவேற்புக்குக் கணவர் அனுமதி தந்து சென்றார் என்பதற்குச் சான்று நிலைநாட்டப்படாத நிலையில், நெருங்கிய தாயாதிகளின் சம்மதத்தோடு ஒரு சிறுவனைத் தத்து எடுத்தார். அந்தத் தத்து செல்லாது எனில் வாரிசின்றி ஜமீன் அரசுக்குப் போய்விடும் என்பதால் எதிர்த்தரப்பில் மதுரைக் கலெக்டரே நின்றார். கணவன் அனுமதியின்றி விதவை தத்து எடுக்கலாமா என்ற கேள்விக்கு வங்காளத்தில் ஒரு விடை, மேற்கே ஒரு விடை, திராவிட நாட்டில் ஒரு விடை என உரையாசிரியர்கள் பிரிந்து நின்றார்கள். லண்டனில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1868இல் தத்து செல்லும் என்று தீர்ப்பளித்ததோடு, தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் ஏட்டில் எழுதிய விதியையும் மிஞ்சும் என்ற கொள்கையையும் உறுதிப்படுத்தியது. இதன்பின் சொத்து, தத்து, கோயில் உரிமை பற்றிய வழக்குகளில் ஒரு குலத்தின் அல்லது ஓர் ஊரின் வழக்கம் என்ன என்பதைச் சான்றுகளால் நிறுவும் வேலை பெருகியது. செப்பேடும் கல்வெட்டும் பழைய கணக்கும் கேஸ் கட்டுக்குள் நுழைந்தன.

இந்தப் போக்குக்கு எதிர்க்குரலும் எழுந்தது. 'மதுரை நாடு' என்னும் பெருநூலை எழுதிய நெல்சன், நீதித்துறையில் இருந்துகொண்டே 1877இல் வெளியிட்ட நூலில், சமஸ்கிருத நூல்களைக் கண்ணாலும் பாராத தமிழ்க் குடிகள்மேல் அவற்றின் விதியைச் சுமத்துவது தவறு என்று உயர்நீதிமன்றத்தை நேரடியாகக் குறைகூறினார். அவர் கருத்து மன்றத்தில் வெற்றி பெறவில்லை. எனினும் நெல்சன் கேட்டது வரலாற்று மாணவன் கேட்கும் கேள்வி; சட்டப் பட்டம் மட்டும் பெற்றவருக்கு அது தோன்றியிராது.

கலைப் படிப்பின் அமைப்பு இதற்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியவர் எஃப்.ஏ. எனப்படும் முதற்கலைத் தேர்வுக்கு ஈராண்டும், அதன்பின் பி.ஏ.வுக்கு ஈராண்டும் படித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பி.ஏ. தேர்வு மூன்று பிரிவுகளாக இருந்தது: ஆங்கிலம்; தமிழோ சமஸ்கிருதமோ போன்ற இரண்டாம் மொழி; கணிதம், இயற்கை அறிவியல், மனத்தத்துவமும் அறவியலும், வரலாறு ஆகியவற்றுள் ஒரு சிறப்புப் பாடம். சட்டத்துக்குப் போகும் மாணவனுக்கெனத் தனிப் பாடம் எதுவும் இல்லை. ஷேக்ஸ்பியரும் நன்னூலும் ஒரே தேர்வுக்குள் வந்தன. கும்பகோணம் அரசினர் கல்லூரி, திருச்சி வளனார் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை, நெல்லைக் கல்லூரிகள் என மாகாணமெங்கும் பி.ஏ. படிக்க இடமிருந்தது; ஆனால் சட்டம் படிக்கச் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியிருந்தது. சென்னையில் 1891இல் சட்டத்துக்கெனத் தனிக் கல்லூரி ஏற்பட்டு, உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டி ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடத்துக்கு 1899இல் குடிபெயர்ந்தது.   எஃப்.எல். என்னும் முதலாண்டுத் தேர்வும் பி.எல். என்னும் இறுதித் தேர்வும் முடிந்தபின் சீனியர் ஒருவரிடம் பயிற்சி தொடங்கும். மயிலாப்பூரில் சீனியரின் வீட்டு முன்கூடமே ஆபீஸ்; வக்கீல் குமாஸ்தா கட்டி வைத்த கேஸ் கட்டுகளைப் பிரித்துச் சுருக்கம் எழுதுவது ஜூனியரின் முதல் வேலை. நூலைப் படித்து அதன் சாரத்தை எழுதும் பழக்கத்தைக் கலைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்தவர் அங்கு விரைவில் தேறினார்.

இந்த இரட்டைப் படிப்பால் சட்டம் பெற்றதைவிடத் தமிழ் பெற்றது அதிகம் என்றே சொல்ல வேண்டும். 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். சாமிநாதையர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெரும்பட்டியலை அடுக்கியும் முன்சீப் நிறைவடையவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று கேட்டு, பின்னர்ச் சிந்தாமணிப் படியொன்றைக் கையில் கொடுத்தார். 1887இல் அச்சான சீவக சிந்தாமணிப் பதிப்பும் அதன் பின்னே வரிசையாக வந்த சங்க நூல்களும் அந்த உரையாடலிலிருந்து புறப்பட்டவை. மடத்தில் தமிழ் படித்த பேரறிஞருக்குத் தோன்றாத கேள்வி, சென்னையில் கலையும் சட்டமும் படித்த முன்சீப்புக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு: எந்தக் கூற்றுக்கும் மூல ஆவணம் எங்கே என்று கேட்பது அவருடைய அன்றாடத் தொழில்.

யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளையின் வாழ்க்கை இதற்கு இன்னொரு பெருஞ்சான்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவருள் அவர் ஒருவர்; இன்னொருவர் அதே யாழ்ப்பாணத்து விசுவநாத பிள்ளை. அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றிக்கொண்டே 1871இல் பி.எல். தேறிய தாமோதரம் பிள்ளை, ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வக்கீலாகவும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் இருந்தார். வீரசோழியத்தை 1881இலும், இறையனார் அகப்பொருளை 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளைப் பல ஊர்களிலிருந்து வரவழைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தப் பாடம் ஏற்புடையது, ஏன் ஏற்புடையது என்று முன்னுரையில் காரணம் காட்டி, எதிர்ப்பவர்க்கு விடையும் கூறிச்செல்லும் அவருடைய பதிப்புரைகள், சாட்சிகளை எடைபோட்டு எழுதிய தீர்ப்பைப் போலவே நடக்கின்றன. நூல்களின் காலத்தை வரையறுக்க அவர் கூறிய முடிவுகள் பல இன்று நிற்கா. முடிவுக்குச் சான்று வேண்டும் என்று அவர் வற்புறுத்திய முறை நிற்கிறது.

இவர்களுக்குப் பின் வந்தவர்களின் நிரை நீளமானது. 1904இல் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்' என்னும் நூலை ஆங்கிலத்தில் தந்த கனகசபைப் பிள்ளை, மதுரையில் சில காலம் வக்கீலாக இருந்து அஞ்சல் துறைக்குச் சென்றவர். சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1897இல் 'சித்தாந்த தீபிகை' இதழைத் தொடங்கிய நல்லசாமிப் பிள்ளை ஜில்லா முன்சீப். தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த சோமசுந்தர பாரதியார் பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார்; எம்.எல். பிள்ளை என்றே ஊரறிந்த கா. சுப்பிரமணிய பிள்ளை, கல்கத்தாவில் தாகூர் சட்டச் சொற்பொழிவு ஆற்றிய பெருமையோடு தமிழிலக்கிய வரலாறும் எழுதினார். திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் வக்கீல் தொழில் நடத்திய வையாபுரிப் பிள்ளை 1926இல் தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றார். ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள் என்று சொல்லும் முன் ஆட்சி காட்ட வேண்டும் என்ற கண்டிப்பை அவர் எங்கே கற்றார் என்று தேட வேண்டியதில்லை.

இவ்வளவையும் புகழ்ந்த கையோடு, இந்த வழி யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சொல்லாவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும். எஃப்.ஏ. இரண்டு, பி.ஏ. இரண்டு, சட்டம் இரண்டு, அதற்கு மேல் பயிற்சி என ஏறத்தாழ ஏழாண்டுகள் வருமானமின்றி ஓர் இளைஞனைத் தாங்க நிலமோ உத்தியோகமோ உள்ள குடும்பத்தால்தான் முடிந்தது. எழுத்தறிவு தலைமுறைகளாகப் பழகிய சாதியார் மற்றவரை வெகுதூரம் முந்திச் சென்றனர். 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை, நிலையான ஜில்லா முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர் என்று கணக்குக் காட்டியது. பட்டம் பெற வசதியில்லாதவர்களுக்குப் பிளீடர் தேர்வு என்னும் குறுகிய வாசல் இருந்தது. 1879ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டம் வக்கீலுக்குக் கீழே பிளீடர் என்னும் படியை வைத்து, அவரைப் பெரும்பாலும் கீழ்நீதிமன்றங்களோடு நிறுத்தியது. ஒட்டப்பிடாரத்தில் 1895இல் தொழில் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளை அவ்வழியே வந்த பிளீடர். பட்டமில்லாத அவர் சிறையிலும் சிறைக்குப் பின்னும் செய்த தமிழ்ப் பணி, புலமைக்குப் பி.ஏ. இன்றியமையாதது என்ற வாதத்தைத் தயக்கமின்றி மறுக்கிறது.

பெண்களுக்கு வாசலே இல்லை. பெண் என்ற காரணத்தால் யாரையும் வழக்குரைஞர் தொழிலிலிருந்து விலக்கலாகாது என்று 1923இல் சட்டம் வந்தபின்னரே நிலைமை மாறியது. ஆனந்தபாய் என்னும் பெண்மணி 1928இல் சட்டப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் வந்து, பிற்பாடு அதே சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும் 1945இல் சென்னை மேயராகவும் அமர்ந்த ந. சிவராஜின் பெயர், மூடிய கதவுகளைத் திறந்தவர்களின் வரிசையில் வைத்துப் போற்றப்பட வேண்டியது.

விடுதலைக்குப் பின் 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டம் வக்கீல், பிளீடர் என்ற படிகளையெல்லாம் நீக்கி எல்லோரையும் ஒரே வகுப்பாக்கியது. பட்டத்துக்குப் பின் ஈராண்டாக இருந்த சட்டப் படிப்பு 1960களின் இறுதியில் மூன்றாண்டாயிற்று. மதுரையில் 1974இலும், அதன்பின் திருச்சி, கோவையிலும் அரசு சட்டக் கல்லூரிகள் தோன்றியபோது சென்னைக்குப் போக இயலாதவர்களுக்கு வழி பிறந்தது. இந்த நீண்ட வரலாற்றில் இதைவிட நல்ல மாற்றம் இல்லை. 1980களில் பார் கவுன்சில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பைக் கொண்டுவந்தது; பெங்களூரில் மாதவ மேனன் தலைமையில் தேசியச் சட்டப் பள்ளி 1988இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டபின் அம்முறை நாடெங்கும் பரவியது. பள்ளியிறுதி முடித்தவர் நேரே சட்டம் படிக்க வருகிறார். வரலாறு, பொருளியல், அரசியல், சமூகவியல் ஆகியவை சட்டப் பாடங்களோடு சேர்த்தே நடத்தப்படுகின்றன. ஓராண்டு மிச்சமாகிறது, ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிது. ஆனால் கலைப் பாடங்கள் சட்டத்துக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டன, இலக்கியமும் இலக்கணமும் அவற்றில் அறவே இல்லாமலோ பெயரளவிலோ நிற்கின்றன.

தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் படிப்பும் ஐந்தாண்டுப் படிப்பும் இன்று அருகருகே நடக்கின்றன. கலைக் கல்லூரியில் வரலாறோ தமிழோ முடித்துச் சட்டத்துக்கு வரும் மாணவர் இன்னும் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் கலைப் படிப்பின் மூன்றாண்டுகளை நுழைவாயிலில் நிற்கும் காத்திருப்பாகக் கருதுகிறார்கள். அவ்வாறு கருதும்படி ஆசிரியரும் பெற்றோரும் சொல்லியும் வைக்கிறார்கள். அது தவறு. அந்த மூன்றாண்டுகளில் பழைய கிரயப் பத்திரம் ஒன்றையேனும் எழுத்தெழுத்தாகப் படித்தறியவும், கோயில் கல்வெட்டு ஒன்றையேனும் அதன் அச்சுப் பாடத்தோடு ஒப்பிடவும், எல்லிஸ் 1818இல் மிராசு என்னும் பரம்பரை நில உரிமை பற்றி எழுதிய விடைகளைப் போன்ற மூல ஆவணம் ஒன்றையேனும் முழுதாக வாசிக்கவும் கலைக் கல்லூரிகள் வகை செய்ய வேண்டும்.